40,000 கிலோமீட்டர் சர்வீஸ்: பாதி வீட்டு வாசலில், பாதி ஷோரூமில்

எங்கள் வண்டி 2021 கடைசியில் எடுத்த ஸ்விஃப்ட். 1.2 பெட்ரோல், கையால் மாற்றும் கியர். நாமக்கல்லுக்குள் ஓட்டம், வாரக் கடைசியில் சேலமோ திருச்செங்கோடோ, எப்போதாவது கொல்லிமலை. மீட்டர் 38,700-ஐத் தாண்டி நிற்கிறது. கிலோமீட்டர் கணக்கில் அடுத்த சர்வீசுக்கு இன்னும் ஆயிரத்துச் சொச்சம் பாக்கி. தேதிக் கணக்கில் வருஷம் திரும்பிவிட்டது. ‘எது முதலில் வருகிறதோ அது’ என்றுதான் மேனுவலில் போட்டிருக்கிறது. குறைவாக ஓட்டுகிறவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். வண்டி ஓடாமல் நின்றாலும் ஆயிலுக்கு வயசாகும். அதோடு, வாரண்டிக்காரன் முதலில் பார்ப்பது தேதியைத்தான்.

சர்வீஸ் கணக்கு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மாருதியில் முதல் மூன்று சர்வீஸ் 1,000 கி.மீ. அல்லது ஒரு மாதம், 5,000 அல்லது ஆறு மாதம், 10,000 அல்லது ஒரு வருஷம். அதற்குப் பிறகு 10,000-க்கு ஒரு தடவை அல்லது வருஷத்துக்கு ஒரு தடவை. ஹூண்டாயில் 1,500, 10,000, 20,000 என்று இலவச சர்வீஸ் வரும். இலவசம் என்பது லேபருக்கு மட்டும். ஆயில், ஃபில்டருக்கெல்லாம் முதல் நாளிலிருந்தே காசு உண்டு. ‘ஃப்ரீ சர்வீஸுக்கு எதுக்கு மூவாயிரம் பில்லு?’ என்று கவுன்டரில் சத்தம் போடுகிறவர் யாராவது ஒருவர் எப்போது போனாலும் இருப்பார்.

இப்போது வாரண்டி. நான் எடுத்தபோது மாருதிக்குக் கம்பெனி வாரண்டி இரண்டு வருஷம் அல்லது 40,000 கி.மீ. 2024 ஜூலையில்தான் அதை மூன்று வருஷம், ஒரு லட்சம் கி.மீ. என்று ஏற்றினார்கள். நான் அப்போதே பணம் கட்டி ஐந்தாவது வருஷம் வரைக்கும், ஒரு லட்சம் கி.மீ. வரைக்கும் நீட்டிப்பு வாங்கி வைத்திருந்தேன். ஆக இன்னும் ஒரு வருஷம் வாரண்டி இருக்கிறது. இந்த ஒரு வருஷம்தான் இந்த சர்வீசில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை முடிவு செய்தது.

வாரண்டி புத்தகத்தைப் பொறுமையாக ஒரு தடவை படித்துவிடுவது நல்லது. உற்பத்திக் குறை இருந்தால் மட்டும் பொறுப்பு. ஆயில், ஃபில்டர், பிரேக் பேடு, கிளட்ச், வைப்பர் போல தேய்ந்து தீரும் சாமான்கள் அதில் வராது. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைச் செய்த கம்பெனிதான் பதில் சொல்லும். சொன்ன காலத்தில் சொன்ன சர்வீஸ் செய்திருக்க வேண்டும், அதற்கு ஆதாரம் இருக்க வேண்டும். இன்ஜினில் நாளை ஏதாவது பெரிய கோளாறு என்றால் முதல் கேள்வி, ‘எந்த ஆயில் ஊற்றினீர்கள், எப்போது, பில் எங்கே?’ என்பதுதான்.

அதனால் ஆயில் மாற்றுவதை ஷோரூமுக்கே விட்டுவிட்டேன். எங்கள் தெருமுனைப் பட்டறை அண்ணனுக்கு இதில் வருத்தம். லாரி ஊர் இது. ஆயில் மாற்ற வெளியூர் போகிறவனைக் கண்டால் சிரிப்பார்கள். ‘ஏந்தம்பி, மூணு லிட்டர் ஆயிலுக்கு ஷோரூம் வரைக்கும் போகோணுமா? இங்கயே இருபது நாப்பது ஊத்திவுட்டா இஞ்சின் சும்மா கல்லு மாதிரி நிக்கும்’ என்றார். அவர் கை சுத்தமான கை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த இன்ஜினுக்குச் சொல்லியிருப்பது 0டபிள்யூ-16. ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும் எண் அது. விரலில் தொட்டால் தண்ணீர் போலத்தான் இருக்கும். இன்ஜினின் எண்ணெய் வழிகளையும் பம்பையும் அந்த மெலிவுக்குத் தக்கபடி வடிவமைத்திருக்கிறார்கள். மைலேஜ் கணக்கும் அதில் அடங்கும். அதில் 20டபிள்யூ-40 ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே ஏற நேரமெடுக்கும். அது கிடக்கட்டும், வாரண்டி கேட்கப் போகும் நாளில் அந்த ஆயிலே நமக்கு எதிர்சாட்சி ஆகிவிடும்.

மீதி வேலையில் ஒரு பகுதியை ஞாயிற்றுக்கிழமை வாசலில் வைத்தே செய்தேன். முதலில் ஏசி ஃபில்டர். ஸ்விஃப்டில் இது டேஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. பெட்டியைக் காலி செய்துவிட்டு இரண்டு பக்கச் சுவரையும் உள்பக்கமாக அமுக்கினால் தடுப்பு விலகிப் பெட்டி கீழே தொங்கும். பின்னால் ஒரு பிளாஸ்டிக் மூடி. அதைக் கழற்றினால் ஃபில்டர் நேராக வெளியே வரும். வந்தது. வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய மடிப்புகள் சிமென்ட் நிறத்தில் இருந்தன. நடுவில் வேப்பம்பூக் காம்புகள், இரண்டு காய்ந்த புளிய இலை, ஒரு ஈசல் இறக்கை. தட்டினால் புழுதி மேகமாக எழுந்தது. வண்டியை நிறுத்துவது வேப்பமரத்தடி; முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்றுவாய் வழியாக எல்லாம் உள்ளே போயிருக்கிறது. புதியதைப் போடும்போது அதன் ஓரத்தில் இருக்கும் அம்புக்குறியை மட்டும் பார்க்க வேண்டும், அது காற்று போகும் திசை. ஏசியைப் போட்டதும் வரும் அந்த ஈரத்துணி வாடை அன்றோடு போயிற்று. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கவுன்டரில் வேலைக்கு ஆகும்.

அடுத்தது ஏர் ஃபில்டர். பானெட்டைத் திறந்தால் மேலேயே பெட்டி. மூடியை விடுவித்துத் தூக்கி, பழையதை எடுத்து, பெட்டிக்குள் கிடக்கும் மண்ணை ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் புதியதை உட்கார வைப்பதுதான் வேலை. ஊதிச் சுத்தம் செய்யக் கூடாது, மண் இன்ஜின் பக்கக் குழாய்க்குள் போய்விடும். ரப்பர் ஓரம் எங்கும் மடியாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பது முக்கியம். ‘நீயே கழற்றினால் வாரண்டி போய்விடாதா?’ என்று வீட்டில் கேட்டார்கள். ஏர் கிளீனரைப் பார்ப்பது எப்படி என்று மேனுவலின் பராமரிப்பு அத்தியாயத்திலேயே ஓனருக்கு விளக்கியிருக்கிறார்கள். கம்பெனி சாமானே வாங்கிப் போட்டு, பில்லை மேனுவலுக்குள் செருகி வைத்தாயிற்று.

புழுதி ரோட்டில் ஓடும் வண்டிக்கு அட்டவணை வேறு. மேனுவலில் சாதாரண ஓட்டத்துக்கு ஒரு பட்டியல், கடுமையான ஓட்டத்துக்கு ஒரு பட்டியல் என்று இரண்டு இருக்கும். புழுதி, அடிக்கடி குட்டிக் குட்டி ஓட்டம், நெரிசலில் ஊர்ந்து போவது எல்லாம் இரண்டாவதில் சேரும். நம் ஊர்களில் பாதி வண்டிகள் உண்மையில் இரண்டாவது பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

அதன் பிறகு பிரேக் பேடு. மாற்றுவதற்கு இல்லை, பார்ப்பதற்கு. ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் செங்கல் அணை கொடுத்தேன். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை லேசாகத் தளர்த்திவிட வேண்டும். 19 எம்எம் பாக்ஸ் ஸ்பேனர். பிறகு ஜாக்கி. ஜாக்கியை நம்பி வண்டிக்குக் கீழே கைகாலை நுழைப்பதில்லை. கழற்றிய சக்கரத்தையே கதவுக்குக் கீழே இருக்கும் ஓர விளிம்புக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுவேன். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால், பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பர் நம்மைப் பார்க்கும். அதன் ஜன்னல் வழியாக டார்ச் அடித்தால் பேடின் கனம் தெரியும். உள் பேடுக்கு 6 எம்எம் போல இருந்தது. புதியது சுமார் பத்து. இரண்டுக்கு வந்தால் மாற்றியே தீர வேண்டும். ஆக இன்னும் நாள் இருக்கிறது. டிஸ்கில் நகத்தால் தடவினேன், பள்ளம் இல்லை. பின்னால் டிரம் பிரேக், அதைத் திறந்து பார்ப்பது ஷோரூம் வேலை.

சக்கரத்தைக் கழற்றியதில் இன்னொன்றும் தெரிந்தது. முன் இடது டயரின் உள் ஓரம், நடுவை விடத் தெளிவாகத் தேய்ந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே படாது. அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்க வேண்டிய கோணம், போயிருக்கிறது. நட்டுகளைத் திருப்பிப் போடும்போது ஒன்றுக்கு எதிர் ஒன்றாகக் குறுக்கே இறுக்கி, தரையில் இறக்கிய பிறகு கடைசி இறுக்கு.

பேட்டரி முனையில் கொஞ்சம் வெள்ளைப் பூ. வெந்நீரில் சோடா மாவு கரைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்த பின் வாசலின் தடவினேன். வோல்ட் மீட்டரில் வண்டி நிற்கும்போது 12.5, ஓடும்போது 14.1 வோல்ட். நாலு வயசு பேட்டரிக்கு இது போதும். வைப்பர் பிளேடு இரண்டும் மாற்றியாயிற்று, அதற்குப் பெரிய கதை இல்லை.

இனி ஷோரூம். சர்வீஸ் அட்வைசர் நல்ல பையன். டேப்லெட்டில் தட்டித் தட்டி ஒரு எஸ்டிமேட் காட்டினார். ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து இப்படி:

லேபர் 2,100. ஆயில் 1,850. ஆயில் ஃபில்டரும் வாஷரும் 150. ஏர் ஃபில்டர் 380. ஏசி ஃபில்டர் 450. பிரேக் ஆயில் 420. அலைன்மென்ட், பேலன்சிங் 1,100. வைப்பர் 700. த்ராட்டில் பாடி கிளீனிங் 850. ஏசி கிருமி நீக்கம் 1,250. உள்பக்கச் சுத்தம் 1,300. இன்ஜின் டிரெஸ்ஸிங் 450. ஆயிலில் கலக்கும் அடிட்டிவ் 650. ஆக மொத்தம் 11,650 ரூபாய்.

மேனுவலைக் கையோடு கொண்டு போயிருந்தேன். அட்டவணைப் பக்கத்தில் ஒவ்வொரு சாமானுக்கும் நேராக ஓர் எழுத்துதான் இருக்கும். ‘ஆர்’ என்றால் மாற்று, ‘ஐ’ என்றால் பார். அதை விரித்து வைத்துக்கொண்டு, ‘இந்தக் கடைசி அஞ்சும் இதுல எங்கீங்க இருக்கு?’ என்றேன்.

‘அதெல்லாம் ரெக்கமண்டேஷன்தாங்க சார். வேண்டாம்னா எடுத்துடறேன்’ என்றார். எடுத்தும் விட்டார். வீட்டிலேயே மாற்றிவிட்ட ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், வைப்பரும் பட்டியலிலிருந்து போயின. சண்டையே இல்லை. எந்தக் கம்பெனி ஷோரூமுக்குப் போனாலும் இப்படி ஒரு பட்டியல் இருக்கும், அவர்களுக்கு மாசக் கணக்கு இருக்கிறது. நாம் கேட்கவில்லை என்றால் அது பில்லில் ஏறும், அவ்வளவுதான்.

எடுக்கச் சொன்னதற்குக் காரணம் கையில் இருந்தது. வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது முள் ஆடாமல் நிற்கிறது, கியர் மாற்றும்போது வண்டி திணறவில்லை. பிறகு, இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியை எதற்குக் கழுவ வேண்டும்? வாடைக்குக் காரணமான ஃபில்டரைக் குப்பையில் போட்டாயிற்று, கிருமி நீக்கம் யாருக்கு? ஆயிலை விற்கும்போதே அதற்கு வேண்டிய அடிட்டிவ்களைக் கலந்துதான் விற்கிறார்கள். மேலும் ஒரு டப்பாவை மேனுவல் எங்கும் கேட்கவில்லை. டிரெஸ்ஸிங் என்பது ரப்பர் குழாய்க்கும் பிளாஸ்டிக்குக்கும் பளபளப்புத் தடவுவது.

எடுக்காமல் விட்டதற்கும் காரணம் இருக்கிறது. அலைன்மென்டை வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வரும், டயரைப் பார்த்திருக்காவிட்டால் சொல்லியும் இருப்பேன். பிரேக் ஆயிலில் எந்தச் சமரசமும் இல்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பிரேக் ஆயிலில் டாட் 3, டாட் 4 என்று தர வகைகள் உண்டு. டாட் 3 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஈரம் ஏறிய பின் அந்த வரம்பே 140-க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு 230-ம் 155-ம். சமவெளியில் இந்த வித்தியாசம் தெரியாது. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது பிரேக்கை மிதித்தே இறங்குகிறவருக்கு ஆயில் கொதித்துக் குழாயில் ஆவி கட்டினால் பெடல் பஞ்சு போல உள்ளே போகும். இரண்டாவது கியரில் இறங்குவது ஒரு பாதுகாப்பு, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றுவது இன்னொன்று.

டைமிங் பெல்ட் மாற்ற வேண்டுமே என்று யாராவது பயமுறுத்தினால், இந்த இன்ஜினில் இருப்பது சங்கிலி என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கூலன்டும் நீண்ட ஆயுள் வகை. இந்த சர்வீசில் அளவைப் பார்ப்பதோடு சரி.

பில் 5,620. நான் வெளியில் வாங்கிப் போட்டது ஏர் ஃபில்டர் 350, ஏசி ஃபில்டர் 400, வைப்பர் 550, சேர்த்து 1,300. மொத்தச் செலவு 6,920. எஸ்டிமேட்டை விட 4,730 குறைவு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். அடித்துவிட்ட அந்த ஐந்து ஐட்டங்கள் மட்டும் 4,500. நான் வெயிலில் உட்கார்ந்து ஃபில்டரும் வைப்பரும் மாற்றியதில் மிச்சமானது 230 ரூபாய்! கம்பெனி சாமானுக்கு எம்ஆர்பி எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். ஸ்பேர்ஸ் கடைக்காரர் மனசு வைத்துக் கொஞ்சம் குறைத்தார். 2025 செப்டம்பர் 22-லிருந்து முன்பு 28 சதவீத ஜிஎஸ்டியில் இருந்த உதிரிபாகங்களும் 18-க்கு வந்துவிட்டதால் விலையில் பெரிய விளையாட்டுக்கு இடமும் இல்லை.

ஆகவே, வீட்டில் செய்தால் பாதிக் காசு மிச்சம் என்று யாராவது சொன்னால், எதைச் செய்தார் என்று கேளுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கொடுத்தது வண்டியின் நிலவரம். பேடு எவ்வளவு, டயர் எங்கே தேய்ந்தது, வாடை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு கவுன்டருக்குப் போனதால்தான் 4,500 ரூபாய் ஐட்டங்களை நிதானமாக அடிக்க முடிந்தது, 1,100 ரூபாய் அலைன்மென்டை அடிக்காமல் விடவும் முடிந்தது.

‘வெளியில் செய்தால் வாரண்டி கட்’ என்ற பேச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2011-ல் வந்த ஒரு புகாரை விசாரித்து, 2014 ஆகஸ்ட் 25-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரிபாகங்களையும் ரிப்பேர் விவரங்களையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்கிறார்கள் என்பதுதான் வழக்கு. வெளியில் சர்வீஸ் செய்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்வதாக நிபந்தனை போடக் கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் எது கெட்டதோ அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்று அந்த உத்தரவில் இருக்கிறது. கம்பெனிகள் மேல்முறையீடு, ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் என்று போய்விட்டன. நியாயம் நம் பக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இன்ஜின் இறங்கி நிற்கும் நாளில் கவுன்டரில் இந்த உத்தரவைப் படித்துக் காட்டி வண்டியை வெளியே எடுக்க முடியாது. அதற்கு நுகர்வோர் ஆணையம், வருஷக் கணக்கில் அலைச்சல். வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிலும் ஜாப் கார்டும் (வேலைகளையும் புகார்களையும் தேதியோடு பதியும் தாள்) ஷோரூமில் என்று வைத்துக்கொள்வது, அந்த அலைச்சலோடு பார்த்தால் மலிவு. வாரண்டி முடிந்த வண்டிக்கு இந்த வாதம் எதுவும் பொருந்தாது; நல்ல பட்டறை இருந்தால் தாராளமாகப் போகலாம்.

வண்டியை விடும் முன் ஆயில் ஃபில்டரின் அடியிலும் பழைய ஆயிலை வடிக்கும் டிரெய்ன் போல்ட் தலையிலும் வெள்ளை பெயின்ட்டால் சின்னப் பொட்டு வைத்திருந்தேன். சந்தேகம் என்று இல்லை, பழக்கம். பழைய சாமான்களைத் திருப்பித் தரச் சொல்லி ஜாப் கார்டிலேயே எழுதச் சொன்னேன். பொட்டு வைத்த ஃபில்டர் ஒரு கவரில் டிக்கியில் இருந்தது. வீட்டுக்கு வந்து, சமதளத்தில் நிறுத்தி, ஆற விட்டு, ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியைப் பார்த்தேன். மேல் குறிக்கு ஒரு நூல் கீழே. வீல் நட்டுகளையும் கையால் ஒரு தடவை சோதித்தேன். அலைன்மென்ட் செய்த பிறகு ஸ்டியரிங் நேராக நிற்கிறதா என்று சேலம் ரோட்டில் பார்த்தாயிற்று, இடது பக்கம் இழுத்த இழுவை இல்லை.

ஜாப் கார்டில் இன்னொரு வரியையும் எழுத வைத்தேன். வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது முன்பக்கம் ‘டக்’ என்று ஒரு சத்தம் கொஞ்ச நாளாக இருக்கிறது. சோதித்துவிட்டு, ஒரு இணைப்புக் கம்பியின் நட்டை இறுக்கியதாக எழுதித் தந்திருக்கிறார்கள், அதற்குக் காசு வாங்கவில்லை. சத்தம் இப்போதைக்கு இல்லை. திரும்ப வந்தால், வாரண்டி உள்ளபோதே புகார் பதிவானதற்கு மீட்டர் அளவோடும் தேதியோடும் தாள் இருக்கிறது. அடுத்த சர்வீசுக்கு, வாரண்டிக் கெடு முடிவதற்கு ஒரு மாதம் முன்பே போவதாக இருக்கிறேன். ஸ்டியரிங், சஸ்பென்ஷன், ஏசி, பவர் விண்டோ என்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து, இருக்கிற சத்தம் எல்லாவற்றையும் கார்டில் ஏற்றிவிட வேண்டும். அதற்கு அடுத்த ஆயிலை எங்கள் தெருமுனையிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று பட்டறை அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், 0டபிள்யூ-16 டப்பாவை நானே வாங்கிக்கொண்டு வருவேன் என்ற நிபந்தனையோடு.